நாலாம் அத்தியாயத்தில் ஒரு பிழை

என் மனைவி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். கேட்டவர் மேல் அல்ல, எனக்கு நறுக்கென்று சொல்ல வராததால். நான் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறேன். எழுத்து தெரியவில்லை என்று வருவார்கள், தெரிகிறது என்று போவார்கள், அவ்வளவுதான் தொழில். அவள் சங்கதி வேறு. ஒரே சிகிச்சையைப் பற்றிப் பல ஊர்களில் பலர் ஆராய்ச்சி செய்திருப்பார்கள். ஒருவர் பலன் உண்டு என்பார், இன்னொருவர் இல்லவே இல்லை என்பார். அத்தனை ஆய்வுகளையும் தேடிப்பிடித்துச் சேர்த்துப் பார்த்து, மொத்தத்தில் என்னதான் தெரிகிறது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எதை எதோடு சேர்க்கலாம், எதைச் சேர்க்கவே கூடாது என்று புள்ளியியல் பேராசிரியர்கள் விதி வகுப்பார்கள். அந்தப் பேராசிரியர்களைக் கணினித் திரையில் ஒன்றுகூட்டி, விதிகளை வழிகாட்டி நூலாக்குவது இவள் வேலை.

தவளைகளைத் தராசில் நிறுப்பது என்பார்களே, அதேதான். ஒருவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்தால் இன்னொருவர் கோபித்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்திருப்பார். ஒரு வாக்கியத்துக்கு மாதக்கணக்கில் சண்டை போடுவார்கள். இவள் சிரித்துச் சிரித்துப் பேசியே காரியத்தை முடித்துவிடுவாள். அந்தப் பொறுமையில் கால்வாசிகூட வீட்டில் கிடையாது என்பது வேறு விஷயம்.

வீட்டிலும் அதே புத்திதான். என் அக்கா ஒரு முறை முட்டிவலிக்கு ஏதோ எண்ணெய் கொண்டுவந்து, தெருவில் எல்லாருக்கும் வலி போய்விட்டது என்றாள். "வலி போகாதவங்க யாராவது இருந்தாங்களா அண்ணி? அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்றாள் இவள். அன்றிலிருந்து அக்கா இவளுக்கு வைத்த பெயர் சல்லடை. முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் மட்டும் அவளுக்கு இன்னும் வரவில்லை.

அலுவலகம் எங்கள் சாப்பாட்டு மேசை. என் கடையிலிருந்து எடுத்துவந்த கண்ணாடிப் பெட்டிகள் இரண்டை அடுக்கி, அதன்மேல் மடிக்கணினியை வைத்திருப்பாள். அவளுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் மட்டும்தான் தெரிய வேண்டும். கூட்டம் நடக்கும்போது நான் பனியனோடு குறுக்கே போகக்கூடாது என்பது இந்த வீட்டின் முதல் சட்டம்.

அந்த விதிப்படி எழுதியவற்றைச் சரிபார்த்து ஏற்பதும் இவர்கள் குழுதான்; போன வருடம் ஒரு நர்சு தன் தோழிகளோடு சேர்ந்து, பல ஆய்வுகளைத் தொகுத்து எழுதிய ஆய்வு அப்படி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே நோயாளியை எழுப்பி நடக்க வைத்தால் சீக்கிரம் வீடு திரும்புகிறாரா என்பது கேள்வி. இரண்டு நாள் முன்னதாகவே திரும்புகிறார் என்று எழுதியிருந்தார்கள். இவள் பார்த்தால், சேர்த்த ஆய்வுகளில் ஒரே ஒரு சின்ன ஆய்வு மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

காரணத்தை எனக்குப் புரியும்படி சொன்னாள். நோயாளிக்கு நோயாளி எவ்வளவு வித்தியாசம் என்று காட்டும் எண் ஒன்று. சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் எண் இன்னொன்று, அது ரொம்பச் சிறியது. முதல் எண் வரவேண்டிய கட்டத்தில் அந்தச் சின்ன எண்ணைப் போட்டால், அந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பினார்கள் என்று கணினி நம்பிவிடும். ஆகா, என்ன துல்லியம் என்று மற்றதை ஓரங்கட்டி, முதல் மரியாதையை இதற்கே கொடுக்கும். நர்சு செய்தது அதுதான். இவள் பிழையைக் குறித்து அனுப்ப, குழுத் தலைவர் அதற்குமேல் ஒரு வரி சேர்த்து ஆய்வை நிராகரித்துவிட்டார். எழுதியவர்களுக்குப் புள்ளியியலின் அரிச்சுவடியே தெரியவில்லையாம்.

நர்சிடமிருந்து பணிவாகப் பதில் வந்தது. நடக்க வைக்கலாம் என்று தன் வார்டு டாக்டர்களோடு போராடிக்கொண்டிருப்பதாகவும், இந்த நிராகரிப்போடு தன் பேச்சு எடுபடாமல் போய்விடும் என்றும் எழுதியிருந்தார். வழிகாட்டி நூலின் நாலாம் அத்தியாய எடுத்துக்காட்டைப் பார்த்துத்தான் செய்தோம், எங்கே தவறாகப் புரிந்துகொண்டோம் என்று சொன்னால் திருத்திக்கொள்கிறோம் என்றும் கேட்டிருந்தார்.

நாலாம் அத்தியாயம் என் மனைவி எழுதியது. திறந்து பார்த்தாள், பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டாள். அதே கட்டத்தில் அதே தப்பான எண். மூன்று பேராசிரியர்கள் சரிபார்த்த பக்கம், பல வருடமாகப் பாடம் நடத்திய பக்கம். ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று, ஆனைக்கும் அடி சறுக்கும் என்றேன்.

"சறுக்கினது ஆனைதான்," என்றாள். "அடியில மாட்டினது அந்த நர்சம்மா."

தலைவரிடம் சொன்னாள். அவர் பதறவே இல்லை. புதிய பதிப்பு வெள்ளிக்கிழமை வெளியாகிறது, சத்தமில்லாமல் எடுத்துக்காட்டை மாற்றிவிடலாம், நிராகரிப்பு நிராகரிப்பாகவே இருக்கட்டும் என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆட்களோடு என்ன வேலை, ராஜினாமாவை எழுது என்று குதித்தேன். நீங்கள் முதலில் கடையைத் திறங்கள் என்றாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் குழுக் கூட்டம். நான் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்து, சமையலறையில் பீன்ஸ் நறுக்குகிற சாக்கில் காதை இங்கே வைத்திருந்தேன். அத்தனை வருடத்தில் முதன்முறையாகப் பேராசிரியர்கள் அனைவரும் ஒத்துப்போனார்கள், தலைவர் சொன்ன மாதிரி மறைத்துவிடலாம் என்று. நூலின் பெயர் கெடும் என்றார் ஒருவர். வெளியே தெரிந்தால் பழைய ஆய்வுகள் எல்லாவற்றையும் கிளறுவார்கள் என்றார் மற்றவர். இவள் குறுக்கே பேசாமல் முடியும்வரை கேட்டாள்.

"அரிச்சுவடி தெரியாதவ நான்தான் சார்," என்றாள். "அந்த எடுத்துக்காட்டை எடுக்க வேண்டாம். இது தப்பு, எழுதினது நான்னு மேல போட்டு, சரியானதைப் பக்கத்திலயே போடுங்க. இதைப் பார்த்துச் செஞ்சவங்க எல்லாருக்கும் நானே எழுதறேன். நம்ம தப்பை நாமளே மறைச்சா, அவங்க தப்பை அவங்க ஏன் நம்மகிட்ட காட்டணும்?"

எனக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது, கால் எப்படி நகர்ந்தது என்றே தெரியவில்லை. பனியனோடு, கையில் கத்தியோடு, அவள் பின்னால் போய் நின்றிருக்கிறேன். உலகத்துப் புள்ளியியல் மொத்தமும் என்னைப் பார்த்தது. பின்னால் யார் என்று தலைவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர் சார். கொஞ்சம் கோபமா இருக்கார்."

ஒரு அம்மாள்தான் முதலில் சிரித்தார், அந்தப் பக்கத்தைச் சரிபார்த்த மூவரில் மூத்தவர். சிரிப்பு அடங்கியதும், நானும்தானே பார்த்தேன், என் பெயரையும் போடு என்றார். மற்ற இரண்டு பேருக்கும் வேறு வழி இருக்கவில்லை. கடைசியில் தலைவர் நிராகரிப்பைத் திரும்பப் பெற்று, நர்சுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத ஒப்புக்கொண்டார். கத்திக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று என் மனைவி இன்றைக்கும் சாதிக்கிறாள்.

அடுத்த வாரம் முழுக்க நர்சின் டியூட்டி முடிந்ததும் இருவரும் திரை முன்னால் உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டார்கள். சின்ன ஆய்வு தன் இடத்துக்குப் போனது, பெரிய ஆய்வுகள் முன்னால் வந்தன. இரண்டு நாள் அரை நாளாகச் சுருங்கிவிட்டது. அதைச் சொல்ல இவள் தொண்டையைச் செருமினாள், தண்ணீர் குடித்தாள், மறுபடியும் செருமினாள். நானாக இருந்தால் சொல்லியே இருக்க மாட்டேன்.

நர்சு புது எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"ரெண்டு நாள்னு சொல்லி டாக்டருங்களோட சண்டை போட்டேன் மேடம். இனி அரை நாளுக்குச் சண்டை போடறேன். இதை யாரும் அசைக்க முடியாதில்ல?"

ஆமாம் என்று சொல்லித் தொலையேன் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"இப்போதைக்கு முடியாது," என்றாள் என் மனைவி.

நர்சு சிரித்துவிட்டார். "போதும் மேடம். இப்போ படுத்திருக்கிறவங்க வீட்டுக்குப் போகட்டும்."