சிவந்த மண்டலம்

என் மனைவி வானியல் கூடத்தில் வேலை பார்ப்பவள். நான் பஸ் ஓட்டுபவன். வீட்டில் படிகிற தூசியைத் துடைப்பது என் பாடு. அவள் கவனமெல்லாம் கோடானுகோடி மைலுக்கு அப்பால் இருக்கிற தூசியின் மேல்தான். கேட்டால், "அந்தத் தூசி இல்லன்னா நீங்களே இல்ல, தெரியுமா?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

ஒரு விண்மீன் மண்டலத்தில் புதிதாக விண்மீன்கள் பிறந்துகொண்டிருந்தால் அது நீலமாகத் தெரியுமாம். பிறப்பு நின்றுவிட்டால் சிவந்துபோகுமாம். அப்படிச் சிவந்தவற்றுக்கு அவள் கூடத்தில் 'கிழவி' என்று பெயர். அவள் ஒரு மண்டலத்தைக் கிழவி என்று நிரூபித்து நல்ல பேர் வாங்கியிருந்தாள். பல வருஷமாகத் தற்காலிக வேலையில் இழுபட்டவளை நிரந்தரமாக்க நேர்காணல் வைத்தார்கள். அதிலும் அந்தக் கிழவியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நேர்காணலுக்கு முந்தின நாள், வெப்பத்தைப் படம்பிடிக்கும் புதுத் தொலைநோக்கியிலிருந்து படம் வந்தது. சாப்பாட்டு மேசையில் அதை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"இது கிழவியே இல்லீங்க. உள்ள தூசி அடைஞ்சு கெடக்கு. நீல வெளிச்சத்த முழுங்கிட்டு சிவப்ப மட்டும் வெளிய விட்டிருக்கு. முழுங்கின சூட்டுல தூசியே மினுங்குது பாருங்க. உள்ள கூட்டம் கூட்டமா பொறந்துட்டு இருக்கு!"

புகைக்குள் எதிர்வண்டி விளக்கு சிவந்து தெரிவதை எத்தனையோ தடவை பார்த்தவன் நான். புரிந்துவிட்டது.

"படம் நாளன்னிக்கு வந்ததா வெச்சுக்கோயேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"வழியில நம்ம பக்கம் இருக்கற தூசிய மட்டும் கழிச்சேன். அந்த மண்டலத்துக்குள்ளயே இருக்கறத விட்டுட்டேன். வாயுவ குளிர வெச்சு விண்மீனா திரள வைக்கிறதே அந்தத் தூசிதான். அதப் போய் கணக்குல விட்டிருக்கேனே!"

மறுநாள் தன் முடிவு தப்பென்று அவளே எழுந்து சொன்னாள். வேலை வேறொருவருக்குப் போயிற்று. "பொழைக்கத் தெரியாதவ," என்றாள் என் அக்கா. பொய் சொல்வானேன், நானும் மனசுக்குள் அதையேதான் சொன்னேன்.

முடிவு தெரிந்த அன்று சாயங்காலம் அவள் வந்ததும், என்ன சொல்லித் தேற்றுவதென்று தெரியாமல் நின்றேன். அவளோ தோள்பையைக்கூட இறக்கவில்லை.

"கணக்குப் போட்டுட்டேங்க. நம்ம மண்டலத்துல பொறக்கறதப் போல நூறு மடங்கு பொறக்குது அங்க. நூறு மடங்கு!"

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அழுதாள்.