ஈறோரத்துப் பள்ளம்

நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் வாயைத் திறந்து பல்லைக் காட்டுவதற்கு முன்னால் என்னை ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, நீ படிச்சி வந்தியா, கோட்டாவுல வந்தியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோட்டாவில் சேர்ந்தால் படிக்காமலே பட்டம் கொடுத்துவிடுகிறார்களா? எனக்கு மட்டும் முப்பத்திரண்டுக்குப் பதில் இருபது பல்லை வைத்துத் தனியாகப் பரீட்சை நடத்தினார்களா? கள்ளக்குறிச்சியில் நான் கிளினிக் திறந்த முதல் வருஷம் அது. இடஒதுக்கீட்டில்தான் படித்தேன், வாயைத் திறங்க என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

கேட்டவர் யார் என்பதுதான் வயிற்றெரிச்சல். கல்வராயன் மலையடிவாரத்தில் கரும்பு போடுகிறவர். தங்கள் சனத்துக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில், உளுந்தூர்பேட்டைப் பக்கம் சாலையோர மரங்களைச் சாய்த்து பஸ்ஸை நிறுத்திய கூட்டத்தில் முன்னால் நின்றவர். அவர் பிள்ளைக்குக் கேட்டால் உரிமை, நான் வாங்கினால் ஓசியா?

பல்லைப் பார்த்தேன். ஈறை ஒட்டி, பல்லின் கழுத்தில், வரிசையாகப் பள்ளம். நகத்தை வைத்தால் மாட்டும். செங்கல் தூளை விரலில் தொட்டுக் குறுக்கும் மறுக்குமாக வருஷக்கணக்கில் தேய்த்த தேய்ப்பு. பம்புசெட்டுத் தண்ணி பட்டாலே உச்சி வரைக்கும் கூசுகிறதாம். ஊரில் இருந்த பழைய பல் வைத்தியர் அத்தனையையும் பிடுங்கச் சொல்லியிருந்தார். சொத்தை இல்லாத, ஆட்டம் இல்லாத பல்லைப் பிடுங்குவதற்கு ஒரு வைத்தியரா!

பள்ளத்தை அடைத்தால் போதும். அதற்கென்று ஒரு சிமென்ட் அப்போதுதான் எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்தது. கண்ணாடி மாவு போன்ற தூளையும் ஒரு திரவத்தையும் குழைத்து வைத்தால், பல்லைக் குடையாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். ஆனால் மகா ரோஷக்காரச் சரக்கு. இறுகும் முன் எச்சில் பட்டாலும் கெடும், காற்றில் காய்ந்தாலும் வெடிக்கும். அதனால் பள்ளத்தைச் சுத்தம் செய்து, சுற்றிலும் பஞ்சு வைத்து, சிமென்டை அப்பி, மேலே வாசலைன் தடவி விடுவோம். ரெண்டு நாளைக்கு அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது, வாயைக் கொப்பளித்தால் போதும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன்.

அந்த வாரமே அடைத்த சிமென்டெல்லாம் பெயர்ந்து வந்துவிட்டது. மனுஷன் என்னிடம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வாயைத் திறந்து ஊருக்கே காட்டினார். கோட்டா டாக்டர் அடைத்தது எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டாராம். கீழே ஜவுளிக்கடை வைத்திருந்த பாய்தான் மாடியேறி வந்து சங்கடத்தோடு சொன்னார். அடுத்த வாரம் என் பெஞ்சு காலி. முதல் வருஷமே பேர் கெட்டால் கிளினிக்கை மூடிவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

பல் கூச்சம் தாங்காமல் கடைசியில் அவரே வந்தார், மனைவியோடு. படியேறும்போதே சத்தம். பாயும், பல்வலிக்கு வந்திருந்த ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுபடி தேய்த்தீர்களா என்று கேட்டேன். என்னையே குத்தம் சொல்றியா என்று எகிறினார். முந்தானையைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு நின்ற அந்த அம்மா அப்போதுதான் பேசினார்.

"ஏன் பொய் சொல்றீங்க? பல்லு மேல இன்னாவோ எண்ணெப் பிசுக்கு கீதுன்னு அன்னிக்கி சாயங்காலமே செங்கப்பொடி போட்டு தேச்சிக்கினு இருந்தீங்களே. நான் வேணான்னு சொல்லல?"

எண்ணெய்ச் சட்டியைத் தேய்க்கிற மாதிரி, நான் தடவிய வாசலைனைத் தேய்த்திருக்கிறார்! பாய் சிரிப்பை அடக்க முடியாமல் கீழே இறங்கிப் போனார். என் பேர் அன்றைக்கே பிழைத்தது. மறுபடியும் அவருக்கு அடைத்தேன். எரிச்சல் அடங்கவில்லை, கை மட்டும் ஒழுங்காக வேலை செய்தது.

முடித்த பிறகுதான் அந்த அம்மா கன்னத்தை அழுத்திக்கொண்டே நிற்பது எனக்கு உறைத்தது. உட்காரச் சொல்லிப் பார்த்தேன். அதே செங்கல் தூள். புருஷனுடையதைவிட ஆழமான பள்ளங்கள். எத்தனை நாளாக என்று கேட்டேன். சின்னவள் வயிற்றில் இருந்ததிலிருந்து என்றார். அந்தச் சின்னவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக இந்த மனுஷன் எதிரில் உட்கார்ந்து அந்தம்மா ஒரு பக்கமாகவே மென்றிருக்கிறார்.

புருஷன் செருப்பை மாட்டிக்கொண்டே, சின்னசேலத்தில் மறியல் கூட்டம் இருக்கிறது, நேரமாகிவிட்டது என்றார். "அவளுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? புடுங்கி வுட்டுடு."

எனக்கு வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. நான் பேசுவதற்குள் அந்த அம்மா, நாற்காலியில் சாய்ந்தபடியே, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"ரோட்டுல மரத்தச் சாச்சிப் பங்கு கேக்குறீங்க. வூட்டுல எனக்கு இன்னா பங்குன்னு சொல்லிட்டுப் போங்க."

அவர் வாசலிலேயே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மூக்கால் மூச்சு விடுங்கம்மா என்று சொல்லி, நான் முதல் பஞ்சை வைத்தேன்.