கட்டில் உயரத்துக்கு ஒரு கார்

மற்றவர்கள் காரில் ஏறுவார்கள். என்னைத் தூக்கிப் போடுவார்கள். அண்ணன் ஒரு கையை முதுகுக்குக் கீழேயும் இன்னொரு கையை முழங்காலுக்குக் கீழேயும் கொடுத்து, "மூச்சப் புடிச்சிக்கோ பாப்பா" என்பான். அடுத்த நிமிஷம் பின் சீட்டில் கிடப்பேன். புடவை எங்கேயோ இருக்கும். எதிர்வீட்டுக்காரர்கள் வேறு பக்கம் பார்க்கிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மல்லாட்டைக் கடலை மூட்டைக்காவது வாயைக் கட்டியிருக்கும். எனக்கு அதுவும் இல்லாததால் வழி நெடுக அண்ணனைத் திட்டிக்கொண்டே போவேன்.

கல்யாணமான கொஞ்ச நாளிலேயே கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டும் எலும்பு சரியாகக் கூடவில்லை. வலது கால் இடுப்பில் பாதிதான் மடங்கும், தூக்கிப் படியில் வைக்க வராது. "கால் சரியானதும் சொல்லி அனுப்புங்க" என்று புகுந்த வீட்டார் என்னைச் செஞ்சியில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். கால் சரியாகவில்லை, நாங்களும் சொல்லி அனுப்பவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

அம்மா, நைனா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில் அண்ணன், அண்ணி, நான். அவர்களை ஒரு குறை சொல்ல முடியாது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவது எங்கள் சைனர் வீட்டு வழக்கம். அண்ணி ஒரு நாள்கூட என் தட்டைத் தாமதப்படுத்தியதில்லை. சாப்பிட்டுக் கை கழுவினால் அவர்கள் இருவரும் உள்ளே போய்விடுவார்கள், பேச்சுச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கும். நான் என் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ராஜகிரி மலை இருட்டுவதைப் பார்ப்பேன். இருட்டியதற்கு அப்புறமும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன், வேறு வேலை?

அண்ணனுடையது பழைய கறுப்புக் கார். அதில் ஆளும் ஏற்றுவான், மல்லாட்டை மூட்டையும் ஏற்றுவான். மூட்டைக்காகப் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டு, முன்பக்கத்துக்கும் தடித்த சுருள் ஸ்பிரிங் மாட்டி வைத்திருந்தான். வண்டி கொக்கு மாதிரி நிற்கும். நானோ குள்ளம். சீட்டு என் இடுப்புக்கு மேலே இருந்தது. தூக்கிப் போடுவது பொறுக்காமல் ஒவ்வொன்றாக எல்லா இடத்துக்கும் போவதை நிறுத்தினேன். கடைசியில் மேல்சித்தாமூர் கோயிலுக்குப் போவதையும் நிறுத்தினேன். சாமி முன்னால் ஒரு மனுஷி தன் காலில் போய் இறங்க வேண்டாமா?

ஒரு நாள் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "காரை எறக்கு."

"எங்க எறக்கறது?"

"கீழ எறக்கு. என் கட்டில் ஒசரத்துக்கு சீட்டு இருந்தா நானே உக்காந்துப்பேன், நானே எழுந்துப்பேன். ஒருத்தரும் தொட வேணாம்."

"மூட்டை ஏத்தற வண்டிம்மா."

"அப்ப மூட்டையையே கோயிலுக்குக் கூட்டிக்கினு போ."

மறுநாள் அண்ணன் ஒரு மூங்கில் குச்சியைக் கொண்டுவந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கயிறு இருக்கிற உயரத்துக்கு வெட்டினான். அவன் அப்படித்தான். வாயால் சரி என்று சொல்லவே மாட்டான்.

திண்டிவனம் ரோட்டில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்வந்துதான் கடை திறப்பார், அன்றைக்குத்தான் வேலையும் நன்றாகச் செய்வார். எங்கள் கார் போனது ஒரு புதன்கிழமை. பின்னால் இரண்டு பட்டையைக் கழற்றினார். முன்னால் இருந்த சுருளை ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கினார். குச்சியை வைத்துப் பார்த்தார்கள், சீட்டு அச்சாக அந்த உயரத்தில் நின்றது.

வாசலுக்கு வந்த வண்டியைப் பார்த்து டீக்கடையிலிருந்து ஒருத்தர், "இன்னாப்பா, கார் குந்திகினுகீது, கால் வலியா?" என்றார். அண்ணன் காதில் வாங்காமல் டிரைவர் சீட்டில் இருந்தான், அந்தக் காலத்தில் அவன் நல்ல கனம். நான் திரும்பி நின்று மெல்ல உட்கார்ந்தேன். உட்கார்ந்துகொண்டே போனேன், சீட்டு வரவில்லை. அளந்தது காலி வண்டியில். ஆள் ஏறினால் வண்டி இன்னும் தாழும் என்பது அண்ணனுக்கும் தோன்றவில்லை, மெக்கானிக்குக்கும் தோன்றவில்லை. கோட்டை வரைக்கும் போய் வந்தோம். முன்பக்கம் ஒவ்வொரு கல்லுக்கும் சம்மட்டியால் அடித்தது, பின்பக்கம் தொளதொளவென்று ஆடியது. வீட்டு வாசலில் அந்தப் பள்ளத்திலிருந்து என்னால் எழ முடியவில்லை. அண்ணனும் எதிர்வீட்டுக்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். ஏறுவதற்கு ஒருத்தர் தூக்கினது போய் இறங்குவதற்கு இரண்டு பேர் இழுக்கும்படி ஆயிற்றே என்று அன்றைக்கு அழுதேன். வலியில் இல்லை, கோபத்தில்.

அடுத்த தடவை நானும் பட்டறைக்குப் போனேன். அங்கே இறங்கும்போது இழுத்துத்தான் எடுத்தார்கள், இனி கொஞ்ச நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அறுத்த ஸ்பிரிங் வெறச்சிக்கும்மா, அதான் அடிக்குது" என்றார் மெக்கானிக். "பின்னால பட்டைய எடுத்தா தொஞ்சி போவுது."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"வண்டி ஒக்காரணும்னு சொன்னீங்க, ஒக்கார வச்சேன். நீங்க ஒக்காரணும்னு யாரும் சொல்லல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் ஒழுங்காக வேலை நடந்தது. கழற்றின பட்டைகளில் ஒன்றைத் திரும்பப் போட்டு, வளைவைக் கொல்லனிடம் கொடுத்துத் தட்டிப் படுக்கவைத்தார். பலம் இருக்கும், உயரம் இருக்காது. முன்னால் போட இரண்டு ஜோடிச் சுருள் பாண்டிச்சேரிப் பழைய இரும்புக் கடையிலிருந்து வந்தது, இரண்டுமே குட்டை. ஒன்று தடிக் கம்பி, ஒன்று சன்னக் கம்பி. டிரைவர் சீட்டில் அண்ணனையும் பின்னால் என் கனத்துக்கு ஒரு மூட்டையையும் ஏற்றி, அப்புறம்தான் குச்சியை வைத்தார்கள். இரண்டு ஜோடியிலும் உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஓட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம். தடிக் கம்பியில் ரோட்டிலிருக்கிற ஜல்லி முழுக்க என் இடுப்பில் இருந்தது. அண்ணனும் மெக்கானிக்கும் அதைத்தான் போடச் சொன்னார்கள், வண்டி நாள் தாங்குமாம்.

"வண்டி தாங்கறது இருக்கட்டும். நான் தாங்கணும்" என்றேன்.

சன்னக் கம்பி மாட்டினார்கள். மெத்தென்று இருந்தது. ஆனால் ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் அடுத்த மேடு வரைக்கும் ஆட்டம் நிற்கவில்லை. அனந்தபுரம் போவதற்குள் வாந்தி எடுத்துவிட்டேன். ஸ்பிரிங்குக்கு ஆடத்தான் தெரியும், ஆட்டத்தை அடக்குவது ஷாக் என்றார் மெக்கானிக். பழைய ஷாக் எண்ணெய் கக்கிக்கொண்டிருந்தது. வண்டி தாழ்ந்துவிட்டதால் நீளமும் ஒத்துவரவில்லை, உள்ளே ஓட இடமில்லாமல் முட்டியது. வேன் ஷாக் ஒன்று போட்டுப் பார்த்தார். ஆட்டம் போயிற்று, அதோடு ஸ்பிரிங்கின் மெத்தும் போயிற்று.

"எப்ப வலிக்குது, வண்டி மேட்டுல ஏறறப்பவா, எறங்கறப்பவா?" என்று கேட்டார்.

கண்ணை மூடி யோசித்தேன். என் இடுப்பைப் பற்றி அதுவரைக்கும் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. "ஏறறப்ப இல்ல. ஏறி முடிச்சி வண்டி கீழ வரப்ப பிடிச்சி இழுக்குது."

"அப்ப இது வேணாம்" என்று சொல்லி அதைக் கழற்றிவிட்டு, குட்டையாகக் கார் ஷாக் ஒரு செட் தேடி வரவழைத்துப் போட்டார். ஒரு மேட்டுக்கு ஒரு அசைவு, அதோடு நின்றது. அந்த இடத்தில் எனக்கு வந்த சந்தோஷம், கல்யாணத்தன்றைக்குக்கூட வந்ததில்லை.

சித்தாமூருக்குப் புறப்பட்ட காலையில் அண்ணன் வழக்கம்போல என் பக்கம் வந்தான். "நீ போய் உன் சீட்ல உக்காரு" என்றேன். கைத்தடியைக் கதவில் சாய்த்து, திரும்பி நின்று, உட்கார்ந்தேன். சீட்டு என் கட்டில் மாதிரியே வந்து தாங்கியது. வலது முழங்காலை இரண்டு கையாலும் எடுத்து உள்ளே வைத்தேன். கதவை நானே சாத்தினேன். எதிர்வீட்டுக்காரர்களுக்குப் பார்க்க ஒன்றுமில்லை, உள்ளே போய்விட்டார்கள். கோயில் வாசலில் என் காலில் இறங்கி, என் காலில் நடந்தேன். திரும்பும்போது அண்ணனைத் திட்ட ஒரு விஷயமும் கிடைக்கவில்லை.

அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போனேன். மூட்டைச் சவாரி போயிற்று என்று அண்ணி முணுமுணுத்தாள், அண்ணன் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச நாளில் அவன் கதவைத் திறந்துவிட வருவதையும் நிறுத்தினான். ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி, நான் கதவு சாத்துகிற சத்தத்துக்குக் காத்திருப்பான்.

எப்போது அது எனக்கு உறைத்தது என்று சொல்லத் தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு சாயங்காலம்தான். என்மேல் ஒரு மனுஷக் கை பட்டு எத்தனை மாசம் ஆயிற்று என்று யோசித்தேன். அண்ணி தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். எனக்குக் குழந்தையும் இல்லை. கட்டியவன் தொட்டதோ எனக்கு மறந்தே போயிற்று. அண்ணனின் அந்த இரண்டு கைதான் இருந்தது. வேர்வையும் பெட்ரோலும் நாறும், விரல் விலாவில் அழுந்தி வலிக்கும். அதைத்தான் குச்சி வைத்து அளந்து, ஸ்பிரிங் பார்த்து, ஷாக் பார்த்து, வேண்டாம் என்று ஆக்கிக்கொண்டேன்.

ஒரு தரம் மழை பெய்து வாசல் சேறாகக் கிடந்தது. கார் கதவைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். "கால் வரலண்ணா. இன்னிக்கு நீ தூக்கி உக்கார வச்சிடு."

அண்ணன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவ்வளவு பெருமை அவன் முகத்தில்.

"உனக்கா வரல? நீயே உக்காருவ, உக்காரு பாப்பா."

உட்கார்ந்தேன். காலை எடுத்து உள்ளே வைத்தேன். கதவைச் சாத்தினேன், வண்டி கிளம்பியது.