சூப்பு பிள்ளைக்கு, கறி அப்பாவுக்கு

குழந்தைக்கு எதை ஊட்டலாம் என்று சொல்லிக்கொடுப்பது என் தொழில். அதை ஏன் ஊட்டவில்லை என்று பெரியவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டுக்கொண்டிருப்பது என் பிழைப்பு. பெருங்களத்தூரில் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் டாக்டருக்குப் பக்கத்து அறை என்னுடையது. மருந்தை அவர் எழுதுவார், சாப்பாட்டு விஷயத்துக்கு என்னிடம் அனுப்புவார். நல்லது சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்த உரிமையில் ஜோயல் என்ற ஒரே ஒரு குழந்தையின் கதையைச் சொல்கிறேன். மற்றவர்கள் கதையும் இதுதான், பெயர்தான் வேறு.

பல் வரட்டும்

ஜோயலுக்கு அப்போது ஏழு மாதம். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளையாக இருந்தது. ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று டாக்டர் சொட்டு மருந்து எழுதி, அப்பா அம்மா இருவரையும் என்னிடம் அனுப்பினார். அம்மா ஜெனிஃபர், தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா ஸ்டீபன், ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். "குழந்தை என்ன சாப்பிடுறான்?" என்று ஜெனிஃபரைக் கேட்டேன். ஸ்டீபன் பதில் சொன்னார். "ராத்திரி நல்லா தூங்குறானா?" என்று ஜெனிஃபரைக் கேட்டேன். அதற்கும் ஸ்டீபன்தான். ஒரு வகுப்பையே அடக்கி உட்கார வைக்கிற பெண், இங்கே துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வேலையிலிருந்து திரும்பும் வழியில் படப்பையில் வான்கோழிக் கறி கிடைக்கிறது, கொழுப்பு கம்மி என்று ஜிம்மில் சொன்னார்கள், பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று ஸ்டீபனே கேட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். இந்த அறையில் தானாகக் கறி கேட்கும் அப்பாவைப் பார்ப்பது அபூர்வம். தாராளமாகக் கொடுங்கள், நன்றாக வேகவைத்து மசிய அரைத்து இன்றைக்கே ஆரம்பியுங்கள் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "பல்லே வரலையே மேடம். முதல்ல பல் வரட்டும், வான்கோழி எங்க ஓடிப்போயிடப் போகுது?"

கவுண்டரில் ஒரு டாக்டர்

ஈறே போதும், அரைத்த கறியைக் கடிக்க வேண்டியதில்லை என்று தொண்டை வறள விளக்கி ஒருவழியாகத் தலையாட்ட வைத்தேன். ஆனால் என் அறையைத் தாண்டினால் பணம் கட்டும் கவுண்டர். அங்கே இருப்பவள் கலா. ரசீது போடுவதுதான் அவள் வேலை. நான் அரைமணி நேரம் கட்டுவதை அரை நிமிடத்தில் இடித்துவிடுவது அவள் சேவை, அதற்குக் கட்டணம் கிடையாது. 'மேடம் என்ன சொன்னாங்க' என்று விசாரித்து, தன் தீர்ப்பைச் சொன்ன பிறகுதான் மீதிச் சில்லறையே தருவாள்.

கதவு திறந்திருந்ததால் அன்றைய தீர்ப்பு என் காதிலும் விழுந்தது. எழுந்து போய் மறுப்பதற்குள் அடுத்த குழந்தை என் மேசையில் அழ ஆரம்பித்துவிட்டது. "இன்னா சார், பச்சப்புள்ளைக்குப் போய் கறிய அரைச்சுக் குடுப்பாங்களா? சூப்பு வெச்சுக் குடு சார், சத்து மொத்தமும் தண்ணில எறங்கிக்கினு வந்துடும், சக்கைல இன்னா கீது?"

கறுப்பாகப் போகிறது

அடுத்த தடவை வந்தபோது ஜோயல் இன்னும் வெளுத்திருந்தான். மடியில் உட்கார வைத்தால் அம்மாவின் மேல் சாய்ந்துகொள்கிறான். கிலுகிலுப்பையை நீட்டினால் பார்க்கிறான், கை நீட்ட மாட்டேன் என்கிறான். சொட்டு மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று ஜெனிஃபரைக் கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் ஸ்டீபன், அதை நிறுத்தியாகிவிட்டது என்றார். ஏனென்றால் குழந்தைக்கு மலம் கறுப்பாகப் போகிறதாம்.

இரும்பு உள்ளே போனால் கறுப்பாகத்தான் போகும். மருந்து எழுதும்போதே டாக்டர் அதைச் சொல்லியிருந்தார், நானும் சொன்னேன். யார் காதில் வாங்கினார்கள்? சந்தேகம் வந்தால் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்றேன். மனிதருக்குக் கொஞ்சம்கூடக் கூச்சமில்லை, நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க கம்பெனியில கலர் மாறினா உடனே லைனை நிறுத்திடுவோம் மேடம், அதுதான் ரூல்."

சக்கை

அதற்கடுத்த தடவை வந்தபோது மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஏறவில்லை, இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. இப்படியே போனால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜெனிஃபருக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டீபனுக்கோ கோபம். வாரம் தவறாமல் வான்கோழி வாங்குகிறேன், மருந்தையும் திரும்ப ஆரம்பித்துவிட்டேன், அப்புறமும் ஏறவில்லை என்றால் உங்கள் யோசனைதான் சரியில்லை என்று என்னிடமே பாய்ந்தார். எப்போது ஆரம்பித்தார் என்று கேட்டேன். முந்தாநாள்.

கறியை எப்படிச் சமைக்கிறீர்கள் என்று கேட்டேன். குக்கரில் விசில் விட்டு, தண்ணீரை வடிகட்டி, ஃபிளாஸ்கில் ஊற்றி, நாள் முழுக்க ஸ்பூன் ஸ்பூனாக. கையோடு கொண்டுவந்திருந்த ஃபிளாஸ்கை எடுத்து மேசையில் வைத்தும் காட்டினார். கலாவின் தீர்ப்பு அமலுக்கு வந்திருக்கிறது. இரும்பு கறியில்தான் இருக்கிறது ஐயா, தண்ணீரில் வருவது வாசனைதான் என்றேன். சரி, அந்தக் கறி எங்கே போகிறது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பதிலைக் கேட்டேன். "அதை வேஸ்ட் பண்ண முடியுமா மேடம்? நான்தான் சாப்பிடுறேன், ஜிம் போறவனுக்கு ப்ரோட்டீன் வேணும்ல."

போட்டோவுக்குத்தான்

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் ஜெனிஃபர் குழந்தையோடு தனியாக வந்தாள். அப்பாயின்ட்மென்ட்கூட வாங்கவில்லை. முந்தின நாள் வீட்டில் முழு வான்கோழி விருந்து. ஸ்டீபனின் அக்கா ரோஸ்லின் மேடவாக்கத்திலிருந்து வந்திருக்கிறார். பிள்ளையின் முதல் கிறிஸ்துமஸ் ஆயிற்றே, போட்டோ வேண்டாமா? சிவப்புத் தொப்பி மாட்டி, மசாலா தடவிய வான்கோழிக் காலை அவன் இரண்டு கையிலும் பிடிக்கக் கொடுத்து, ஆளாளுக்குப் போனைத் தூக்கியிருக்கிறார்கள். கிலுகிலுப்பைக்குக் கை நீட்டாதவன் அந்தக் கோழிக்காலை வாய்க்குக் கொண்டுபோய்விட்டான். நார் ஒன்று பிய்ந்து தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஜெனிஃபர் ஓடிப்போய்ப் பிள்ளையைப் பிடுங்கி, முன்னங்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்தி முதுகில் தட்டியிருக்கிறாள். வெளியே வந்துவிட்டது, குழந்தையும் அழுதுவிட்டது. டாக்டரிடம் காட்டினோம். ஒன்றும் ஆகவில்லை.

சிக்கியதைவிட, அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளுக்கு ஆறவில்லை. யாரும் பதறவில்லையாம். பிள்ளை அழுத முகத்தோடு இருப்பதால் போட்டோ கெட்டுப்போய்விட்டது என்று வருத்தப்பட்டார்களாம். ரோஸ்லின் அக்கா சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினாள். "போட்டோவுக்குத்தானே குடுத்தேன், தின்னச் சொன்னேனா?"

ஃபிளாஸ்க்

அன்று என் அறைக் கதவைச் சாத்திவிட்டு, "இன்னொரு தடவை முதல்லேர்ந்து சொல்லுங்க மேடம்" என்றாள். சொன்னேன். மசாலாவும் உப்பும் போடுவதற்கு முன்பே குழந்தைக்கு ஒரு துண்டைத் தனியாக எடுத்துவிடு. பச்சைக் கறி பட்ட கத்தி, பலகையைக் கழுவாமல் வேறெதற்கும் தொடாதே. உள்ளே கொஞ்சம்கூடச் சிவப்பு தெரியாமல் வேக வேண்டும். தோல், எலும்பு, நார் எல்லாம் நீக்கி மிக்ஸியில் மசிய அரை. இறுகினால் அந்த வெந்த தண்ணீரையே விட்டுக்கொள், குழைந்த சாதத்தில் பிசை. முதல் நாள் காலையில் ஒரு ஸ்பூன் போதும். கூடவே வேறு புதுச் சாப்பாடு வேண்டாம். தடிப்பு, வாந்தி ஏதாவது வருகிறதா என்று சில நாள் பார், ஒன்றுமில்லை என்றால் கூட்டிக்கொண்டே போ. மூச்சு இழுத்தாலோ முகம் வீங்கினாலோ யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு. சொட்டு மருந்தை டாக்டர் சொல்லும்வரை நிறுத்தாதே. ஒரு தடவை கேட்டு அப்படியே திருப்பிச் சொன்னாள், கணக்கு டீச்சர் அல்லவா. அன்று குறுக்கே யாரும் பேசவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு மூவரும் வந்தார்கள். ஜோயல் என் மேசையில் இருந்த பேனாவைப் பிடுங்கி, அதை வாங்கப்போன என் விரலையும் பிடித்து இழுத்தான். ரத்தம் நன்றாக ஏறியிருந்தது. டாக்டருக்கே முகம் மலர்ந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி பேச்சு அதோடு போயிற்று. ஊசி குத்தியதில் பிள்ளை சிணுங்கவும், ஸ்டீபன் பையிலிருந்து பழைய ஃபிளாஸ்கை எடுத்தார். "பாத்தீங்களா மேடம், கடைசியில சூப்புதான் வேலை செஞ்சிருக்கு" என்றார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஜெனிஃபர் ஃபிளாஸ்கை வாங்கி, மூடியைத் திறந்து, அதிலேயே சூப்பை ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். அந்த அறையில் அவருக்கு முன்பாக அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "இது உங்களுக்குத்தாங்க, குடிங்க. கறி எல்லாம் ஒரு மாசமா அவன்தான் சாப்பிடுறான்."

சக பாவிகளே, இத்தனை வருடத் தொழிலில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: அப்பாவின் வாயில் சூப்பு இருக்கும்போதுதான் அம்மாவின் வாய் திறக்கிறது, அம்மாவின் வாய் திறந்த பிறகுதான் பிள்ளையின் வாய்க்குள் கறி போகிறது.