பானெட் மேல் ஒரு பறவை

என் அக்கா வீட்டுக்காரர் என்னோடு நேராகப் பேசி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. சண்டை எதில் ஆரம்பித்தது என்று கேட்டால் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். உன் தம்பியைச் சாப்பிடச் சொல்லு என்பார். சாப்பிட்டாச்சுன்னு சொல்லுக்கா என்பேன். நடுவில் அக்கா தபால்காரி மாதிரி அலைவாள். நான் கண்ணை மூடிட்டா உங்க ரெண்டு பேருக்கும் யாரு பேச்சைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது என்று சிரித்துக்கொண்டேதான் கேட்பாள்.

அப்படிப்பட்ட மனுஷர் போன மழைக்காலம் முடிந்த கையோடு மயிலாப்பூரில் என் வீட்டு மாடியேறி வந்தார். பழைய துண்டில் சுற்றிய எதையோ மேஜைமேல் வைத்தார். என் முகத்தைப் பார்த்து, "மச்சான், இது உன்னால ஆவுமா பாரு" என்றார்.

துண்டுக்குள் இருந்தது ஒரு பறவை. அவருடைய பிக்கப் வண்டியின் பானெட் நுனியில் இறக்கையை விரித்து உட்கார்ந்திருக்கும் அலங்காரம் அது. மாமாவுக்கு மந்தைவெளியில் வாடகைப் பாத்திரக் கடை. அவரைவிட வயசான அந்த பிக்கப், எத்தனையோ கல்யாணத்துக்கு அண்டாவும் குத்துவிளக்கும் சுமந்த வண்டி. இப்போது சாமானெல்லாம் டெம்போவில் போகிறது. பிக்கப்பை விற்க மட்டும் அவருக்கு மனசு வரவில்லை. பறவையின் குரோம் பூச்சு உரிந்து, கழுத்திலிருந்து வால்வரை அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாகக் கிடந்தது. புதுப்பேட்டை பழைய உதிரிச் சாமான் கடை முழுக்கத் தேடிவிட்டாராம், வேறு பறவை இல்லை.

நான் டிவி மெக்கானிக்காக இருந்தவன். ரிப்பேருக்கு டிவி வருவது நின்றபிறகு, போனில் வீடியோ பார்த்தே பழைய வண்டிகளின் பளபளப்புச் சாமான்களைச் சரிபண்ணக் கற்றுக்கொண்டேன். என் சொந்தச் சாமான் நாலைந்தைப் பாழாக்கித்தான் கற்றேன். ஆவும் மாமா என்றேன். வாய் முந்திக்கொண்டது. படியிறங்கும்போது அவர் திரும்பிப் பார்த்து, ஏன் இப்படி அரிச்சுப்போச்சுன்னும் கண்டுபிடி, திரும்ப ஆவக்கூடாது இல்ல என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபிறகுதான் பறவையைச் சுண்டிப் பார்த்தேன். இரும்பாக இருந்தால் பயமில்லை. இது துத்தநாக வார்ப்பு. குழிகளைச் சுரண்டி, மெல்லிசாகச் செம்பு பூசி, ஈயத்தை உருக்கி அடைக்கவேண்டும். ஈயம் உருகுகிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே போனாலே பறவையும் உருகிவிடும். கிண்டி எஸ்டேட்டில் முலாம் பட்டறை வைத்திருக்கும் திருவல்லிக்கேணி பாய், போனில் போட்டோ பார்த்ததுமே சிரித்தார். "நைனா, இது டீயில நனைச்ச பிஸ்கட்டு. எடுக்கத் தெரிஞ்சவன் எடுப்பான். இல்லன்னா டம்ளருக்கு அடியிலதான் தேடணும்."

பாயிடம் கொண்டுபோகும் முன்னால் அழுக்கை எடுக்கலாம் என்று பல்குத்தும் குச்சியோடு உட்கார்ந்தேன். இறகுகளின் இடுக்கில் குங்குமமும் சந்தனமும் கெட்டியாக ஒட்டியிருந்தன. அவற்றோடு பழுப்பாக ஒரு நார் வந்தது. முகர்ந்து பார்த்தேன். புளி.

குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரலை வைத்துப் பார்த்தேன். குழி அதிகம் இருந்த இடமெல்லாம் பெருவிரல் அழுந்தித் தேய்க்கிற இடம். அண்டாவையும் விளக்கையும் புளிபோட்டுத் தேய்த்தே பழகின கை என் அக்காவுடையது. பித்தளை அதில் தங்கமாக மின்னும். இந்த உலோகத்தைப் புளி தின்றுவிடும். வெள்ளிக்கிழமைதோறும் அவள் பாசமாகத் தேய்த்துத் தேய்த்தே பறவையை அரித்திருக்கிறாள்.

மாமா கோபம் வந்தால் கத்துகிறவர் இல்லை, வாயை மூடிக்கொள்கிறவர். என்னோடு மூடினபோது நடுவில் அக்கா இருந்தாள். அவளோடு மூடினால் நடுவில் யார் இருக்கிறார்கள்? பறவை உருகினால் எனக்கு வந்த பேச்சு போகும். உருகாமல் வந்தால், ஏன் அரித்தது என்று கேட்பார். எது நடந்தாலும் பயம்தான். கடல் காத்து மாமா, சாந்தோம் பக்கத்துலதான இருக்கு என்று ஒரு பதிலைத் தயார் பண்ணி வைத்துக்கொண்டேன். குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

கிண்டியிலிருந்து பழைய குரோம் போய், செம்பு நிறத்தில் பறவை திரும்பி வந்தது. மதியம் ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். கழுத்துக் குழிகள் அடைபட்டன, முதுகுக் குழிகளும் அடைபட்டன. இடது இறக்கையின் ஓரம் ஒரு ரூபாய்க் காசைவிட மெலிசு. அங்கே கடைசிக் குழியில் ஈயம் உருண்டபோது, அதன் கீழே இறகும் நெய் மாதிரி பளிச்சென்று மின்னி அசைந்தது. பற்றவைக்கும் கோலை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். மூச்சு விட்டால் விழுந்துவிடுமோ என்று மூச்சும் விடவில்லை. பக்கத்து வீட்டு குக்கர் விசில் அடித்ததில் உடம்பு தூக்கிப்போட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தேன். இறகின் நுனி ஒரு அரிசி அளவு தாழ்ந்திருந்தது. விழவில்லை. உப்புத்தாள் போட்டு இழைத்து, மறுபடி பாயிடம் கொடுத்து, நிக்கலும் குரோமும் ஏறி அது வந்தபோது, "பிஸ்கட்டு முழுசா வந்துடுச்சு நைனா" என்று பாயே எனக்கு டீ வாங்கித் தந்தார்.

வெள்ளிக்கிழமை காலை மந்தைவெளிக்குப் போனேன். மாமா பானெட்டைத் தூக்கிப் பிடிக்க, நான் அடியில் நட்டு முடுக்கினேன். தலை உள்ளே இருக்கும்போதே அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"புளிதான?"

தயார் பண்ணிவைத்த பதிலை விட்டுவிட்டேன். உங்களுக்குத் தெரியுமா என்றேன். பாத்திரக் கடை வெச்சிருக்கறவனுக்குப் புளி வாசனை தெரியாதா என்றார். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு நட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிடா சொல்றது? அதைத் தேய்ச்சுப் பொட்டு வெச்சாதான் என்னை வண்டி எடுக்க வுடுவா. இத்தினி வருஷம் எங்கயும் இடிக்காம வந்தது அதாலதான்னு நெனைச்சுக்கினு கீறா. எனக்கு பயமாக்கீது. நீ தம்பி. நீ சொன்னா கோவிச்சுக்க மாட்டா."

அதற்குத்தான் மனுஷர் என் மாடியேறியிருக்கிறார். சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. அக்கா கிண்ணத்தில் ஊறவைத்த புளியோடு வாசலுக்கு வந்துகொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் தலையோடு தலை ஒட்டிப் பேசுவதைப் பார்த்து அவள் முகம் விளக்கேற்றின மாதிரி இருந்தது. இந்த முகத்திடம் எப்படிச் சொல்ல?

"நீங்க சொல்லுங்க" என்றேன். "நீ சொல்லு" என்றார். அவள் பறவைக்குக் கிட்டே வந்துவிட்டாள். விரலில் புளி.

"அக்கா, புதுக் குரோம். புளி படக்கூடாது. துணி போதும்."

கை அப்படியே நின்றது. "அப்ப பழசு அரிச்சது?"

"கடல் காத்து" என்றார் மாமா. ஆமாம் கடல் காத்துதான் என்றேன் நான்.

அக்கா எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். அதைப் படியில் வைத்தாள்.

"பேசாத ரெண்டு பேரு சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்றீங்கன்னா, நான்தான் அரிச்சிருக்கேன்."

முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டு, தாழ்ந்திருந்த இறகைத் தொட்டுப் பார்த்தாள். சந்தனம் கொண்டுவரவில்லை, குங்குமமும் கொண்டுவரவில்லை. "பொட்டில்லாம வெறுமன போனா ஒண்ணும் ஆவாதா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவரிடம்தான் கேட்டாள். ஆவாது என்று சொல்லிவிட்டு மாமா வண்டியில் ஏறினார். ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு வரத்தான்.

வண்டி தெருமுனை திரும்பி மறைந்ததும் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஆர்.கே. மடம் சாலையில் யாரோ ஹாரன் அடித்தபோது பிடி இறுகியது. திரும்ப அந்தப் பறவை வெயிலில் மின்னிக்கொண்டு முனையில் தெரிகிறவரை விடவேயில்லை.