கட்கி கடைக்காரரும் அக்காவின் கல்யாணப் படங்களும்

கட்கி பஜாரில் ஒருவர் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான். நான் ஹார்ட் டிஸ்க்கை நீட்டியதும், முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "எந்தெந்த மெஷின்ல போடுவீங்க?"

"என் விண்டோஸ், அக்காவோட மேக். மேக்ல படம் தெரியுது அண்ணா, புதுசா எதுவும் ஏத்த முடியல."

"டிஸ்க் என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்ல இருக்கும்மா, மேக் அதுல எழுதாது. எக்ஸ்ஃபாட்டா மாத்தினா ரெண்டுலயும் ஓடும். ஆனா மாத்தும்போது எல்லாம் அழிஞ்சிடும். முதல்ல என் மெஷின்ல காப்பி எடுக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. உள்ளே இருப்பது அக்காவின் கல்யாணப் படங்கள், வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும். முன்பின் தெரியாதவர் கம்ப்யூட்டரிலா? வேறு வழியில்லாமல் சரி என்றேன். குடிக்க சாய் சொல்லட்டுமா என்றார். வேண்டாம் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிஸ்க்கை மாற்றி, படங்களைத் திரும்ப ஏற்றியதும் கீபோர்டை என் பக்கம் தள்ளினார்.

"அரே, வந்ததுலேருந்து முறைச்சிட்டே இருக்கீங்க. என் காப்பிய நீங்களே அழிச்சிடுங்க."

அழித்துவிட்டு எழுந்தேன்.

"ரீசைக்கிள் பின்ல இன்னும் கிடக்கும்மா. அதையும் காலி பண்ணுங்க."

அவ்வளவு உஷாராக இருந்த எனக்கு அது தோன்றவேயில்லை. அவர் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அப்படிப்பட்டவரைப் பற்றித்தான், வீட்டுக்குப் போகும் கராடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே, இன்னொரு காப்பி எங்காவது வைத்திருப்பாரோ என்று நினைத்தேன். இப்போதும் சில நாள் அப்படி நினைக்கிறேன்.