ஆலாக்கள் எழுந்த காலை

என் வீட்டுக்காரர் படகோட்டி. ஊர் பார்க்க வருகிறவர்களைப் பறவைத் தீவு வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவர் பிழைப்பு. வீட்டில் அவரை ஒரு வார்த்தை பேசவைக்க நான் தலைகீழாக நிற்க வேண்டும். படகில் ஏறிவிட்டாலோ அந்தத் தீவில் இருக்கும் ஆலாப் பறவைகளைப் பற்றி வாய் ஓயாது.

ஆலா வெறும் மணலில் முட்டையிடும். கூடு என்று ஒரு குச்சிகூட வைக்காது. தாய் எழுந்து போனால் போதும், ஒரு பக்கம் வெயில் சுடும், ஒரு பக்கம் கடற்காகம் முட்டையைக் கொத்தும். அதனால் முட்டையிடும் மாதங்களில் அவர் யாரையும் தீவில் இறக்கமாட்டார். தூரத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டுத் துடுப்புப் போடுவார். பறவைகள் தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். "என்னைத் தெரியும்டி அதுங்களுக்கு" என்பார். எனக்குக்கூட அவ்வளவு பெருமை கொடுத்ததில்லை அந்த மனிதர்.

இந்தப் பருவத்தில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. படகை என் தம்பியிடம் கொடுத்தார்.

"யாரையும் இறக்கிடாதே மாப்ள."

"இதுகூடத் தெரியாதா அத்தான் எனக்கு?"

முதுகு சரியானதும் அவர் மறுபடி கிளம்பினார். துணைக்கு நானும் ஏறிக்கொண்டேன். எஞ்சினை அணைத்துத் துடுப்பை எடுத்தார். பாதித் தூரம்கூட நெருங்கவில்லை, தீவே எழுந்துவிட்டது. தலைக்கு மேல் ஒரே கூச்சல். அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். "புதுச் சட்டைன்னு மிரண்டுடுச்சோ?" என்று என்னிடம் கேட்டார்.

சவாரிக்கு வந்து பின்னால் கேமராவோடு உட்கார்ந்திருந்தவர்தான் பதில் சொன்னார். "அண்ணே, இன்னைக்கு இறங்க விடமாட்டீங்களா? போன வாரம் உங்க ஆளு விட்டாரே! முட்டைக்குப் பக்கத்துலயே உக்காந்து போட்டோ எடுத்தோம். தங்கமான பையன்."

என் வீட்டுக்காரர் படகைத் திருப்பினார். எங்களுக்குப் பின்னால் கடற்காகங்கள் மணலில் இறங்கின. கூடப்பிறந்தவனே கழுத்தை அறுத்துவிட்டான்.

கரையில் படகைக் கட்டும்போது சொன்னார்: "அதுங்களுக்கு என்னைத் தெரியாதுடி. படகைத்தான் தெரியும். இனிமே இது போனா ஒரு முட்டைகூட மிஞ்சாது." குஞ்சுகள் பறக்கும்வரை சவாரி கிடையாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்தப் படகால்தான்.

சாயங்காலம் தம்பி வந்தான். சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்டேன். அவன் மறுக்கக்கூட இல்லை.

"பறவைதானே அக்கா? திரும்பி வந்து உக்காரும். இதுக்குப் போய் இந்தக் குதி குதிக்கிறே!" பிறகு அவர் பக்கம் திரும்பினான். "அத்தான், நீங்க போகலேன்னா சாவியக் குடுங்க. நாளைக்கு ரெண்டு குடும்பம் வருது, நான் பாத்துக்கறேன்."

அவர் உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பறவைகள் எழுந்தபோதுகூட அவர் முகம் அப்படிச் செத்துப்போகவில்லை.

"இந்த வீட்டுப் படியை இனிமே மிதிக்காதே" என்றேன் என் தம்பியிடம்.

அவன் சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துவிட்டான். அவன் சிரித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.